காலு ரெண்டு, சைக்கிளு ஏழு

ஏழாவது சைக்கிள் வாங்கலாமான்னு ரோசனை கேக்க நேரா எங்கிட்ட வந்தே பாரு கண்ணு, அங்கதான் உன்ற கெட்டிக்காரத்தனம் தெரியுது. உங்கப்பங்கிட்டக் கேட்டிருந்தா வெளக்கமாத்தத் தேடியிருப்பான். உன்ற பொண்டாட்டிகிட்டக் கேட்டிருந்தா அந்த அம்மிணி வாயத் தொறந்திருக்காது, பொட்டியத்தான் தொறந்திருக்கும். காலம் பூராவும் சைக்கிள் கடை வெச்சிருந்த அப்பாரு, இவரு எப்புடியும் வேண்டாம்னு சொல்ல மாட்டாருன்னு கணக்குப் போட்டுட்டே. கணக்குச் சரிதான். நானும் வேண்டாம்னு சொல்லப் போறதில்ல.

ஆனா நீ சொன்ன காரணம் இருக்குது பாரு. "ஆறு சைக்கிள் இருக்குதுங்க அப்பாரு, அதுல ஒண்ணுகூட நம்ம இட்டேரிக்குத் தோதுப்படல." அதக் கேட்டதுல இருந்து என்னால வெத்தல போட முடியல. சிரிப்பு வந்து பாக்குத் தொண்டையில சிக்குது. மொதமொதல்ல நீ வாங்குனதே மலைக்கும் காட்டுக்கும் போற சைக்கிள்தானே? கேட்டா, "அது ரொம்ப மண்ணுக்கு, இது கொஞ்சம் மண்ணு கொஞ்சம் தாருக்கு"ங்கறே. கிராவல் சைக்கிளாமா. டயரு 40 மில்லிமீட்டரு அகலமாமா. நம்ம பழைய கறுப்பு சைக்கிளு டயரு 28க்கு ஒண்ணரை இஞ்சு. ஒண்ணரை இஞ்சுக்கு எத்தன மில்லிமீட்டருன்னு உன்ற போன்லயே போட்டுப் பாரு. 38 வருதா? அந்த ரெண்டு மில்லிமீட்டருக்குத்தான் ஒண்ணே முக்கா லட்சமாக்கும்?

உன்ற மொத சைக்கிள் இன்னும் கண்ணுலயே நிக்குது. மோட்டார் பைக்குக்குப் போடற தண்டிக்கு டயரு, முன்னால ஒரு ஸ்பிரிங்கு, நடுவால ஒரு ஸ்பிரிங்கு, 21 கியரு. வாங்குன அன்னிக்கு இந்தக் களத்துல ரெண்டு சுத்துச் சுத்திக் காட்டுனே. நான் பொறத்தால நின்னு பாத்துட்டு இருந்தேன். நீ ஒவ்வொரு மிதி மிதிக்கறப்பவும் நடு ஸ்பிரிங்கு அமுங்கி அமுங்கி எந்திரிச்சுது. உன்ற பலத்துல பாதிய அதே குடிச்சுக்கிச்சு. கல்லுலயும் வேருலயும் எறங்கறவனுக்கு அந்த ஸ்பிரிங்கு உசுரக் காப்பாத்தும். நீ எறங்குனது சரவணம்பட்டி சிக்னல்ல.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழம சேக்காளிக கூட்டத்தோட பேரூர் தாண்டி சிறுவாணி ரோட்டுல போனே. அவனுக டீயக் குடிச்சு முடிச்சு, டம்ளரக் கடைக்காரரு கழுவிக் கவுத்து வெச்ச பொறவு நீ போயிச் சேந்தே. அடுத்த வாரமே கொம்பு வளைஞ்ச ஹேண்டில் பார் வெச்ச ரோடு சைக்கிள் வூட்டுக்கு வந்துருச்சு. அலுமினியம். டயரு 25 மில்லிமீட்டரு, காத்து கல்லாட்டம் அடிக்கோணும். நல்லாத்தான் போச்சு, நான் இல்லைங்கல. ஆனா அத ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனா மழையில நனைஞ்சு போயிருமாமா. அதுக்கு ஒரு ஹைபிரிடு வாங்குனே. சைக்கிள் நனையக் கூடாதுன்னு இன்னொரு சைக்கிள் வாங்குன ஆள நான் அன்னிக்குத்தான் பாத்தேன். ரெண்டு சைக்கிள்ல எதுல போனாலும் நனையறது நீதான்.

மடிக்கற சைக்கிளப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ரயில்ல கொண்டு போலாம்னு வாங்குனே. மடிச்சு வெச்சே. இன்னும் பிரிக்கல.

அந்தக் கதைய நீயும் கேட்டிருப்பே. கோவணத்தத் தவர ஒண்ணுமில்லாத ஆண்டி ஒருத்தன். கோவணத்த எலி கடிக்குதுன்னு பூனை வளத்தான், பூனைக்குப் பாலு வேணும்னு மாடு வாங்குனான், மாடு மேய்க்க ஆளு வேணும்னு கண்ணாலம் கட்டுனான். உன்ற பால்கனியில நடக்கறதும் அதேதான். ஒவ்வொரு சைக்கிளும் அதுக்கு முந்துன சைக்கிளோட கொறையத் தீக்கறதுக்குன்னு வந்துது. வந்ததும் புதுசா ஒரு கொறையக் கையோட கூட்டிட்டு வந்துது.

எங்க காலத்துல ஏன் ஒண்ணே போதுமா இருந்துதுன்னு நெனைக்கறே? நாங்க என்னமோ ஆசைய அடக்குன மகானுகன்னு நெனைச்சுக்காதே. காசு இல்ல, அது ஒண்ணு. இன்னொண்ணு அந்தச் சைக்கிளோட கொணம். 1949ல மெட்ராசுல டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஆரம்பிச்சாங்க. அம்பத்தூருல இருந்து ஹெர்குலிஸ் வரும், பி.எஸ்.ஏ. வரும். ஆளு ஏறாமயே எடை 20 கிலோ பக்கம். ஒத்தக் கியரு, கம்பி பிரேக்கு. வேகமும் இல்ல, லேசும் இல்ல, மேட்டுல எறங்கித் தள்ளோணும். ஆனா வெடியால பால் கேன் ரெண்டு பக்கமும் தொங்கும், மத்தியானம் அதே கேரியர்ல தட்டுக்கட்டு ஏறும், சாயங்காலம் பார்ல ஒரு கொழந்தையும் கேரியர்ல ஒரு பொம்பளையும் உக்காந்து நோம்பிக்குப் போவாங்க. மில்லுச் சங்கு ஊதுனா சிப்டுக்கும் அதுதான். மணிக்கணக்குல வாடகைக்கு எடுத்துட்டுப் போற பொடிசுக பாருக்கு அடியில காலை விட்டுக் குரங்குப் பெடல் அடிச்சு அதுலயேதான் பழகுனாங்க. எதுலயும் அது கெட்டியில்ல, அதனால எல்லாத்துக்கும் ஆச்சு.

உன்ற சைக்கிளுக ஒவ்வொண்ணும் ஒரே வேலைக்குன்னு செஞ்சது. 25 மில்லிமீட்டரு டயருக்குன்னு செஞ்ச சட்டத்துல 40 மில்லிமீட்டரு டயரு நொழையாது. பந்தயத்துக்குச் செஞ்சதுல மட்கார்டு மாட்டத் தொளை இருக்காது. வேகம் கூடக் கூட, அதால ஆகற வேலை கொறையுது. நீ ஆசையில வாங்கறேன்னு உங்கப்பன் திட்டறான். பாதி குத்தம் செஞ்சவன் மேல. ஒரு சைக்கிள ஏழாப் பிரிச்சு வித்துட்டு இருக்கறானுக, நீ ஏழையும் வாங்கி மறுக்காவும் ஒண்ணாக்கப் பாக்கறே.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது உன்ற ஆறாவது சைக்கிள் பொறந்த வெதம்தான். அலுமினியச் சைக்கிள்ல 9 பல்லுச் சக்கரம் இருந்துது. அது போதாதுன்னு ஷிமானோ 11 மாட்டுனே. கழட்டுன சாமானெல்லாம் பரண் மேல அட்டைப் பொட்டியில கெடந்துது. கியரு, கிராங்கு, செயினு, ரெண்டு சக்கரம். ஒரு நாளு பரண் ஏறுன நீ, "இத்தன சாமான் சும்மா கெடக்குதே, ஒரு சட்டம் மட்டும் வாங்குனா முழுச் சைக்கிள் ஆயிருமே"ன்னே. சிக்கனம்! சட்டம் வந்துது. அதுக்குச் சேர்ற மாதிரி சீட்டுக் கம்பி இல்ல, அச்சு சேரல, சக்கரமும் சேரல. கடைசியில பழைய சாமானுல மாட்டுனது கியரும் கிராங்கும்தான். சக்கரம் ரெண்டும் மறுபடியும் பரண் மேல போயிருச்சு. அடுத்த சட்டத்துக்கு அது விதை. சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அந்த ஆறாவத நீ பிரெவேங்கற நெடுந்தூர ஓட்டத்துக்குன்னு பண்ணுனே. 200 கிலோமீட்டர பதிமூணரை மணி நேரத்துல முடிக்கோணும், 600ன்னா 40 மணி நேரம். பாரிசுல இருந்து பிரெஸ்ட் போயி வர்ற 1,200 கிலோமீட்டருக்கும் ஒரு நாளு போவேங்கறே, 90 மணி நேரத்துல. அது 1891ல இருந்து நடக்குதாமா. போயிட்டு வா, நல்லது. ஆனா அந்தச் சைக்கிள நிறுத்தி வெச்சு நான் மெதுவாச் சுத்திச் சுத்திப் பாத்தேன். இரும்புச் சட்டம். தண்டி டயரு. மழைக்கு மட்கார்டு. பை வெக்கக் கேரியரு. ராத்திரிக்கு டைனமோ வெளக்கு. உக்கார ப்ரூக்ஸ் தோல் சீட்டு. நிறங்கூடக் கறுப்பு! அஞ்சு சைக்கிள் வாங்கி, ஆறாவதுல நீ என்ற ஹெர்குலிசுக்கு வந்து சேந்துட்டே கண்ணு. கியரு ஒண்ணுதான் கூட. அந்த சீட்டுக்கார ப்ரூக்ஸ் சங்கதி தெரியுமா? இங்கிலீஷ்காரன். குதிரை செத்துப் போச்சுன்னு சைக்கிள் ஏறுனானாமா. மரச் சீட்டு குத்துதுன்னு தோல்ல செஞ்சு 1882ல உரிமை வாங்குனான். அவனும் வலிக்குதுன்னுதான் ஆரம்பிச்சான், ஆனா சீட்ட மாத்துனான், சைக்கிள மாத்தல.

அதுக்கு முந்தி அஞ்சாவதா வாங்குன கார்பன் சைக்கிளப் பத்திப் பேசுனா உனக்குக் கோவம் வரும். வரட்டும். ரெண்டு கிலோ கொறையுதுன்னு ரெண்டு லட்சம் குடுத்தே. பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழ போகக் கூடாதுன்னு உலகச் சங்கமே 2000ல சட்டம் போட்டிருச்சு. அது மேல உக்கார்ற ஆளோட எடைக்கு ஒரு சட்டமும் போடல. அது உனக்கு வசதி. ஓட்டி முடிச்சதும் சேக்காளிக எல்லாம் உக்காந்து பொங்கலு, வடை, மேல ஒரு நெய் ரோஸ்ட்டுன்னு போட்டோ அனுப்பறீங்களே, அத நானும் பாக்கறேன். கார்பன் வந்ததும் அலுமினியத்தப் படுக்கையறையில டிரெய்னர்ல பூட்டிட்டே. பின் சக்கரமில்லாம அது நிக்குது, முன்னால டி.வி.யில ஆல்ப்ஸ் மலை ஓடுது. போகாத ஊருக்கு வழி கேக்கறதுன்னு சொல்லுவாங்க, நீ மிதிச்சே போறே.

ஆல்ப்ஸ்னதும் ஞாபகம் வருது. பிரான்சு நாட்டுப் பந்தயத்துல 1937 வரைக்கும் இப்ப இருக்கற கியரையே விடல. பின்சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பல்லு, மலை வந்தா எறங்கிச் சக்கரத்தக் கழட்டித் திருப்பி மாட்டோணும். 1913ல எழேன் கிறிஸ்தோஃப்னு ஒருத்தன். தூர்மலே மலையில எறங்கறப்ப முன் ஃபோர்க்கு முறிஞ்சு போச்சு. வேற சைக்கிள் வாங்கக் கூடாது, யாரும் ஒத்தாசை பண்ணக் கூடாதுன்னு விதி. சைக்கிளத் தூக்கிட்டு 10 கிலோமீட்டருக்கு மேல நடந்து, கீழ ஒரு ஊருல கொல்லப்பட்டறையக் கண்டுபுடிச்சு, அவனே இரும்பக் காய்ச்சி, அவனே அடிச்சு ஒட்டுனான். பந்தயத்துக்காரங்க பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தாங்க. துருத்தி ஊத ஒரு பொடியன் கை குடுத்தான்னு அதுக்கும் அபராதமா நேரத்தக் கூட்டுனாங்க பாவிக. இந்தத் தொழில் பண்ணுன எவனுக்கும் அந்தாளு குலசாமிதான். இன்னிக்கு அதே பந்தயத்துல காரு மேல வரிசையா மாத்துச் சைக்கிளக் கட்டிட்டுப் பொறத்தாலயே வர்றாங்க. உனக்கு இந்த வெனை அந்தக் காரப் பாத்துத்தான் புடிச்சிருக்கோணும். உனக்குக் காரு இல்ல, பால்கனி இருக்குது.

"பழசுல ரெண்ட வித்துரு"ன்னா, நீ வாங்குன வெலையில பாதிக்குக்கூட எவனும் கேக்க மாட்டேங்கறாங்கறே. கேட்டாலும் குடுக்க மாட்டே, "இதுலதான் ஆழியாத்துல இருந்து 40 கொண்டை ஊசியும் ஏறி வால்பாறை போனேன்"பே. வெலையும் போகாது, மனசும் வராது. ஆனா வாங்கறப்ப மட்டும் ரெண்டும் சுருக்கா வந்துருது. வெளிநாட்டுச் சைக்கிள்காரனுக இதுக்கு ஒரு கணக்கே வெச்சிருக்கறானுகளாமா. ஒருத்தன் வெச்சிருக்க வேண்டிய சைக்கிள் எத்தனைன்னா, இப்ப இருக்கறதோட ஒண்ணு கூட்டிக்கோணும். கூடவே இன்னொரு கணக்கு. எத்தன சைக்கிள் ஆனாப் பொண்டாட்டி வுட்டுட்டுப் போயிருவாளோ, அதுல ஒண்ணு கொறைச்சுக்கோணும். அமெரிக்கால சிரிப்பு நடிகரு ராபின் வில்லியம்ஸ் செத்த பொறவு 2016ல அவரு சைக்கிளுகள ஏலம் விட்டாங்க. 80க்கும் மேல இருந்துது. காசு தருமத்துக்குப் போச்சு. உன்றதக் கணக்குப் பாத்தா நீ இன்னும் யோக்கியன்தான்.

சரி, ரோசனை கேட்டே, சொல்றேன். புதுசு வாங்கு. பழசோட நெறத்துலயே வாங்குனா வூட்டுல தெரியாதுன்னு சேக்காளிக சொல்லுவானுக, நம்பாதே. தெரியும். தெரிஞ்சாச்சு. அம்மிணி நேத்தே எனக்குப் போன் பண்ணிருச்சு. நாங்க பேசி முடிச்சுட்டோம். ஒரு சைக்கிளுக்கு ஒரு பவுனு. இன்னியில இருந்து இல்ல, மொத சைக்கிள்ல இருந்து கணக்கு. ஏழு பவுனு வாங்க வக்கிருந்தா ஏழாவது சைக்கிளத் தாராளமா வாங்கு.

மடிக்கறதத் தோட்டத்துல வேலை செய்யறவரு மகளுக்குக் குடுத்துரு, பள்ளிக்கூடம் ரெண்டு மைலு நடக்குது அந்தப் புள்ள. அந்தக் கறுப்பு பிரெவே சைக்கிள மட்டும் இங்க விட்டுட்டுப் போ. பால் சொசைட்டிக்குப் போயி வர எனக்கு அதுதான் தோதுப்படும், கேரியர்கூட சரியா இருக்குது. வர்றப்ப மறக்காம உன்ற பம்ப எடுத்துட்டு வா. இங்க இருக்கற பம்பு அந்த வால்வுக்குச் சேராது.