தலைமைக்குத் தேர்வு எங்கே?

கேள்வி: சாரணர் படிநிலைகளில் உயர, ஆம்பூர் மாணவருக்குத் தலைவர் பட்டை கிடைத்தால் போதுமா?

பதில்: பட்டை மட்டும் போதாது. பிரவேஷ் முதல் திரிதிய சோபான் வரையிலான படிகளைக் கடந்து, ராஜ்ய புரஸ்கார் எனும் ஆளுநர் விருதையும் அதன்பின் குடியரசுத் தலைவர் விருதையும் நாடும் சாரணர், முடிச்சும் முதலுதவியும் கற்பதோடு, ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட ‘அணி’ என்னும் சிறு குழுவில் பொறுப்பேற்றுப் பழக வேண்டும். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவு முகாமில் சாரணர் இயக்க நிறுவனர் பேடன் பவல் சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மூத்த சிறுவன் ஒருவனிடமே ஒப்படைத்தபோது தொடங்கிய முறை இது. பாலாற்றங்கரை நடைப்பயணத்தில் கொடி பிடித்து முன்னே செல்பவரைவிட, செருப்பு வார் அறுந்து பின்தங்கிய சிறுவனுக்காகக் கயிற்றுத் துண்டுடன் திரும்பி வருபவரே நல்ல அணித்தலைவர்; காலணிக்குப் பெயர்போன ஆம்பூரிலும் வார் அறுவதுண்டு என்பதால், இந்தத் தேர்வுக்கு அங்கே பஞ்சமே இல்லை.