நந்தி தெரிந்தால் யாருக்கு லாபம்?

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் படகேறுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. தண்ணீர் நிறைந்தால் இயற்கைக் காட்சி, வற்றினால் வரலாறு. இரண்டையும் ஒரே நாளில் காட்டக் காவிரி ஒப்புவதில்லை.

1934இல் அணை கட்டி முடித்ததும் நீர்த்தேக்கத்துக்குச் சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். பெயர் கவர்னருக்கு, தண்ணீர் தஞ்சாவூருக்கு. மூழ்கும் பாக்கியம் மட்டும் நம் சேலம் பக்கத்து ஊர்களுக்கு. பழைய பண்ணவாடியும் அப்படிப் போனதுதான். ஜனங்கள் மேடு பார்த்துக் குடியேறினார்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. சுமார் 80 அடிக்குக் கீழே போனால் கோபுரம் தலைகாட்டும். நந்தியைப் பார்க்க இன்னும் இறங்க வேண்டும்.

அப்படி இறங்கிய ஒரு கோடையில் பண்ணவாடி பரிசல் துறைக்குப் போனோம். கூடவே நாமக்கல்லில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மாமா, திருவையாற்றுச் சம்பந்தி. நந்தி கழுத்தளவு தண்ணீரில் கிடந்தது. அதன் தலைமேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தது.

"இத்தன வருசம் தண்ணிக்குள்ள கெடந்தும் ஒரு சளி புடிக்கல பாருங்க. நம்ம கோழி ஒரு தூறலுக்கே சுருண்டுக்குது" என்றார் மாமா.

சம்பந்தி நந்தியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஜூன் 12, பாசனத்துக்கு மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள். நந்தி இப்படி வெயில் காய்ந்தால் அவருடைய குறுவை என்னாவது? எல்லோரும் செல்பி எடுத்து முடித்த பிறகு அவர் மட்டும் கைகூப்பினார்: "சாமி, சீக்கிரம் முழுகிடு."

சாமியை முழுகச் சொல்லி வேண்டிய பக்தரை அன்றுதான் பார்த்தேன்.

"முழுகிட்டா உங்களுக்குச் சவாரி போயிடுமேங்க?" என்று படகோட்டியிடம் கேட்டேன். "தண்ணி ஏறுனா நாகமரைக்கு அக்கரை போறவங்க வருவாங்க, எறங்குனா நந்தி பாக்க வருவாங்க. நமக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க" என்றார். காவிரிப் பிரச்சினையில் இவ்வளவு நிம்மதியான கட்சிக்காரர் வேறெங்கும் இல்லை.

கரையேறி ஜிலேபி மீன் வறுவல் சாப்பிட்டபோதுதான் சேலம், நாமக்கல், தஞ்சாவூர் மூன்றும் ஒருமனதாயின.

நீங்களும் போவதென்றால், கிளம்புமுன் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பாருங்கள். நிறைந்திருந்தால் அணைக்கே போய்விடுங்கள். உபரி நீர் போகும் நாளாக இருந்தால் 16 கண் மதகைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். எந்தப் படகில் ஏறினாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். நந்தி மாதிரி மூச்சடக்க நமக்கு வராது.