இதே மாதிரி ஒண்ணு போட முடியுமா?

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பல வருடமாக ஓடிய வெளிநாட்டு மெஷின் திடீரென்று நின்றுவிடும். கம்பெனிக்காரனைக் கேட்டால் அந்த மாடலையே நிறுத்தியாச்சு என்பான். மெயின்டனன்ஸ் மேனேஜர் உள்ளே இருந்த கன்ட்ரோல் கார்டைக் கழற்றி, பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு உங்கள் கடைக்கு வருவார். “ஏனுங்க, இதைப் பார்த்து இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடுத்துரலாமுங்களா?” இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கலையை நீங்கள் கற்றுத் தேறத்தான் இந்த வழிகாட்டி.

முதலில், பேப்பரைப் பிரிப்பதற்குள் “பண்ணிரலாமுங்க” என்று சொல்லிவிடுங்கள். கார்டைப் பார்த்துவிட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது.

பிறகு கார்டை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். வேலைக்கும் உதவும், பார்க்கிறவருக்கு உங்கள்மேல் ஒரு மரியாதையும் வரும். வெளிச்சம் ஊடுருவி, பின்பக்கத்து ட்ராக் நிழலாகத் தெரிந்தால் அநேகமாக இரண்டு லேயர்தான், பிழைத்தீர்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டு என்றால் உள்ளே பவருக்கும் கிரவுண்டுக்கும் தாமிரத்தை முழுசாக விரித்திருக்கிறான். சில கார்டுகளின் ஓரத்தில் 1, 2, 3, 4 என்று லேயருக்கு ஒன்றாக எண் போட்டிருக்கும். நான்கோடு நின்றால் பெரும்பாலும் சமாளிக்கலாம். எட்டு வரை போனால் மேனேஜருக்கு டீ சொல்லிவிடுங்கள், பேச்சு நீளும்.

ஏனென்றால் வழக்கமான 1.6 மில்லிமீட்டர் தடிமனுக்குள் எட்டு அடுக்கையும் பார்க்க வேண்டும். எக்ஸ்ரே வசதி உங்கள் கடையில் இருக்காது. எல்லா பார்ட்ஸையும் எடுத்துவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்கேன் செய்து, மறுபடி தேய்த்து, மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். கடைசியில் படங்கள் மிஞ்சும், கார்டு மிஞ்சாது. ஆகவே “இன்னொரு கார்டு ஸ்பேர் இருக்குதுங்களா?” என்று கேளுங்கள். “இருந்தா உங்ககிட்ட எதுக்குங்க வர்றோம்?” என்பார். நியாயம்தான்.

இரண்டு லேயர்தானே என்று சந்தோஷப்பட்டவர்களுக்கு மல்டிமீட்டர் காத்திருக்கிறது. கார்டில் 200 சால்டர் முனை இருந்தால், எது எதோடு சேர்கிறது என்று பார்க்க 19,900 ஜோடி. ஒன்றுக்கு இரண்டு விநாடி என்றால் பதினோரு மணி நேரம் ‘பீப்’. கைதேர்ந்தவர்கள் கிரவுண்டையும் பவரையும் முதலில் ஒதுக்கிவிட்டு, ட்ராக்கைக் கண்ணால் தொடர்ந்து முக்கால்வாசியைக் கழித்துவிடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஆனால் மேனேஜரிடம் 19,900 என்றே சொல்லுங்கள். ரெசிஸ்டரில் 103 என்று எழுதியிருந்தால் 10 கிலோ ஓம். பக்கத்திலிருக்கும் பழுப்பு நிற செராமிக் கபாசிட்டரில் ஒன்றுமே எழுதியிருக்காது. ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தால்தான் உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் பொறுமை சம்பந்தப்பட்டது. கார்டின் தலையெழுத்து நடுவிலுள்ள பெரிய ஐ.சி.யில் இருக்கிறது. சுற்றிலும் 7805, எல்.எம். 324, யூ.எல்.என். 2003 என்று தெரிந்த முகங்களாக இருந்தால் சென்னை ரிச்சி தெருவில் கூடையோடு இறங்கலாம். ஆனால் அவற்றுக்கு வேலை சொல்லும் ப்ரோகிராம் எங்கே? பழைய கார்டானால், மேலே கண்ணாடிச் சன்னல் வைத்த 27சி256 மாதிரி ஈப்ராம் இருக்கக்கூடும். சன்னலை மூடிய ஸ்டிக்கரை ஆர்வத்தில் உரிக்காதீர்கள். புற ஊதா வெளிச்சம் பட்டால் அழிவதற்கென்றே செய்தது அது. ப்ரோகிராமரில் செருகினால் 32 கிலோபைட்டையும் ஒளிக்காமல் கொடுத்துவிடும் நல்ல ஜாதி. புதிய மைக்ரோகன்ட்ரோலர்கள் அப்படியில்லை. படிக்க முடியாதபடி பூட்டு போட்டிருப்பார்கள். சிலர் ஐ.சி.யின் பெயரையே சுரண்டிவிடுவார்கள். இன்னும் சிலர் மொத்தக் கார்டின் மேலும் கறுப்பு எபாக்சியை ஊற்றியிருப்பார்கள். கறுப்பைக் கண்டால் முன்பு சொன்ன “பண்ணிரலாமுங்க”வைத் திரும்பப் பெறுங்கள்.

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் கதையும் இதுதான். எல்லாம் சந்தையில் கிடைத்த பார்ட்ஸ். சர்க்யூட் படத்தையே கையேட்டில் அச்சிட்டு விற்றார்கள், பயாஸ் ப்ரோகிராமையும் சேர்த்து. ஆனால் அந்த பயாஸுக்குப் பதிப்புரிமை இருந்தது. காம்பேக் கம்பெனி ஒரு குழுவிடம் அந்த பயாஸைப் படித்து, அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதச் சொன்னது; பயாஸைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. 1982 நவம்பரில் அவர்களுடைய மெஷினை அறிவித்தார்கள். உங்கள் கடையில் இரண்டு குழுவுக்கு ஆள் இருக்கிறதா பாருங்கள். (நம் ஊர்ச் சட்டத்தில் கணினி ப்ரோகிராம் இலக்கியப் படைப்பில் சேர்த்தி. மெஷினோடு ஒரு நூலையும் வாங்கியிருப்பது மேனேஜருக்கே தெரியாது.)

எல்லாம் எழுதி, எஸ்டிமேட் போட்டு, மேனேஜர் பெருமூச்சு விட்ட பிறகு கார்டைக் கடைசியாக ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பவர் சப்ளைப் பக்கம் கபாசிட்டர் ஏதாவது தலை உப்பியிருக்கிறதா? உப்பியிருந்தால் அதை மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பல மில் கார்டுகளுக்கு அந்தச் சில ரூபாய் வைத்தியமே போதும். பில்லில் மட்டும் ‘ரிவர்ஸ் இன்ஜினியரிங்’ என்று எழுதிவிடாதீர்கள், அடுத்த வாரம் பத்துக் கார்டோடு வந்து நிற்பார்.