சுவருக்கு மட்டும் குடியுரிமை

சிங்கப்பூரின் தேக்காவுக்கு ஒருமுறை பெயர் மாற்றிப் பார்த்தார்கள். 1915இல் கட்டிய கண்டாங் கெர்பாவ் சந்தைக்குப் பதிலாக, 1982இல் சாலைக்கு இந்தப் பக்கம் புதுக் கட்டடம் எழுப்பி, அதற்கு 'ஜூஜியாவ் நிலையம்' என்று பலகை மாட்டினார்கள். தேக்கா என்பது ஹொக்கியன் சொல், மூங்கிலடி என்று பொருள். அதையே மாண்டரினில் பின்யின் முறைப்படி எழுதினால் ஜூஜியாவ். ஹொக்கியன் பாட்டிக்கு அது விளங்கவில்லை, மலாய் மக்சிக்குக்கு வாயில் நுழையவில்லை, நம் ஆட்கள் முயற்சியே செய்யவில்லை. மீன் வாங்கப் போனவர்கள் பலகையை நிமிர்ந்து பார்க்காமலே பதினெட்டு வருஷம் உள்ளே போய் வந்தார்கள். 2000இல் பலகை இறங்கியது.

ஒரு நகரத்தின் திட்டமிடல் துறைக்குத் தலைமை தாங்க என்ன தகுதி வேண்டும் என்று யாராவது கேட்டால், இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். சனங்கள் ஓர் இடத்தை எப்படிப் புழங்குகிறார்கள் என்று உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, அவர்கள் தப்பாகப் புழங்குகிறார்கள் என்று முடிவு கட்ட வேண்டும். பட்டம் எல்லாம் அப்புறம்.

இந்த வேலைக்குச் சிங்கப்பூரில் நீண்ட பரம்பரை உண்டு. 1822இல் ராஃபிள்ஸ் ஒரு நகரக் குழுவை உட்காரவைத்து, சீனர் இங்கே, புகிஸ்காரர் அங்கே, அராபியர் அதற்குப் பக்கத்தில் என்று கோடு போட்டார். நமக்குக் கிடைத்தது ஆற்றின் மேல்பக்கம், சூலியா கம்போங். நம் ஆட்கள் அந்தக் கோட்டுக்குள் அடங்கவில்லை. சுண்ணாம்புச் சூளையும் செங்கல் சூளையும் மாட்டுத் தொழுவமும் இருந்த சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வேலை தேடிப் போய், அதற்குச் சுண்ணாம்புக் கம்பம் என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். அதாவது எந்தத் திட்டமிடுநரும் கோடு போட்டுத் தராத இடம் அது. ராஃபிள்ஸ் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கடைவீட்டின் முன்னால் கூரை போட்ட நடைவழி விடவேண்டும், அது எந்நேரமும் திறந்திருக்கவேண்டும் என்று விதித்தார். ஐந்தடி என்கிறோமே, அது. வெயிலுக்கும் மழைக்கும் எவனும் ஒதுங்கலாம். அந்தக் காலனிக்காரனுக்குத் தோன்றிய இது எங்கே போய் நின்றது என்று பிறகு சொல்கிறேன்.

1989ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த மார்ச்சில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புகளுக்கு இன விகிதாசாரம் வந்தது. ஒரே இனத்தார் ஒரே புளோக்கில் குவிந்துவிடக் கூடாதாம். சரி. அதே ஆண்டு ஜூலை 7ஆம் தேதி, தேக்காவும் சிராங்கூன் ரோட்டுப் பக்கமும் அடங்கிய 'லிட்டில் இந்தியா' பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அரசிதழில் ஏறியது. செப்டம்பரில் நகர மறுசீரமைப்பு ஆணையம் தேசியத் திட்டமிடல் ஆணையமாகவே உயர்ந்தது. கோவையாகப் படித்தால் கணக்கு நேராகிறது. இந்தியர்கள் சேர்ந்து குடியிருந்தால் அது பிரச்சினை. சேர்ந்து காட்சியளித்தால் அது மரபுடைமை.

மரபுடைமை என்றால் எப்படிப்பட்ட மரபுடைமை! கூரை ஓடு மெருகேற்றாத செம்மண் ஓடாக இருக்கவேண்டும், அதிலும் 'வி' வடிவமோ 'யு' வடிவமோ என்பதுவரை விதி உண்டு. சன்னல் கதவு, தூண், முகப்பு எல்லாவற்றுக்கும் உண்டு. தெருப் பெயர்களையும் கண்ணும் கருத்துமாய்க் காத்திருக்கிறார்கள். குட்டி இந்தியாவுக்குள் ஒரு கிளைவ் தெருவும் ஒரு ஹேஸ்டிங்ஸ் ரோடும் பத்திரமாக இருக்கின்றன. இந்தியாவைச் சுரண்டிய இரண்டு பேருக்கும் இங்கே நிரந்தரவாசம். பயணிகள் விழுந்து விழுந்து படம் எடுக்கும் வர்ணக் கட்டடமோ 1900இல் கட்டிய ஒரு சீன மிட்டாய் முதலாளியின் வீடு. இதில் எனக்கு வருத்தமே இல்லை. வீடு அழகு. அந்த வானவில் வர்ணம் பிற்காலத்து ஒப்பனை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இப்படி ஓட்டைப் பார்த்துப் பார்த்துக் காத்த கண்ணுக்கு ஓட்டின் கீழே நிற்கிறவன் எப்படித் தெரிந்தான்? 1992இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், மாலையில் அந்தப் பக்கம் போனேன், ஒரே இருட்டு, விளக்கில்லாததால் அல்ல, அங்கே இந்தியர்கள் நிறைய இருந்ததால் என்ற பொருள்பட அவையிலேயே பேசினார். பிறகு மன்னிப்புக் கேட்டார். 2016இல் லிட்டில் இந்தியா அடங்கிய தொகுதியின் உறுப்பினரே, அங்கே கூடும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை நடமாடும் வெடிகுண்டு என்கிற மாதிரி சொன்னார். பிறகு அவரும் மன்னிப்புக் கேட்டார். இருபத்து நான்கு வருஷத்தில் நாம் கண்ட முன்னேற்றம், இருட்டிலிருந்து வெடிகுண்டுக்கு.

நடுவில் 2013 டிசம்பர் 8. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தொழிலாளர்களைத் தங்குவிடுதிக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தின் சக்கரத்தில் சிக்கித் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் இறந்தார். வயது 33. கூட்டம் கொதித்தது, வண்டிகள் எரிந்தன. எரித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. விசாரணைக் குழு உட்கார்ந்தது. மது ஒரு முக்கியக் காரணம் என்றது, வேலையிலோ வாழ்நிலையிலோ உள்ள குறை காரணமில்லை என்றது. 2015இல் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரமாயின. ஒருவன் ஏன் வாரத்தில் ஒரே ஒரு நாள், தீவின் ஓரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து, புல்தரையில் உட்கார்ந்து குடிக்கிறான் என்ற கேள்வி திட்டமிடல் கேள்வி இல்லையா? இல்லையாம். போத்தல்தான் கேள்வி.

தீவின் ஓரம் என்றேன். அதுவும் தானாக அமையவில்லை. 2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தைத் தங்குவிடுதியாக்கப் போகிறார்கள் என்றதும் குடியிருப்பாளர்கள் ஆயிரத்துக்கும் மேல் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். விடுதி வந்தது. கூடவே, அங்கே தங்குகிறவர்கள் பேட்டைக்குள் கால் வைக்காமல் போய்வரத் தனிச் சாலையும் வந்தது. தமிழ்நாட்டில் நம் ஊர்த் தேநீர்க்கடையில் சாதி பார்த்துத் தனிக் கிளாஸ் வைப்பார்கள். இங்கே தார் போட்டு, கோடு போட்டுச் செய்தார்கள். வளர்ந்த நாடு அல்லவா.

2020இல் கொவிட் வந்தபோது அந்த விடுதிகளின் கதவு சாத்தப்பட்டது. விடுதிகளில் இருந்தவர்கள் ஏறக்குறைய 3,23,000 பேர். அந்த டிசம்பருக்குள் அவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்றியிருந்தது. ஊர் திறந்துகொண்டே வந்தது, விடுதி திறக்கவில்லை. 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக வாரத்துக்கு 500 பேர்வரை தேக்கா போன்ற இடங்களுக்குப் பேருந்தில் கூட்டிவந்து திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள், பள்ளிப் பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போவது மாதிரி. 2022 ஜூனில் 'பிரபல இடங்களுக்கான அனுமதி' என்று ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கும் பொது விடுமுறைக்கும் 80,000 அனுமதி. இடங்கள் நான்கு: சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட், லிட்டில் இந்தியா. ஓர் இடத்தைப் பிரபலமாக்கியவனே உள்ளே வர அனுமதி எடுக்கவேண்டியிருந்தது. பயணிக்கு அது வேண்டியிருக்கவில்லை. எனக்கும் வேண்டியிருக்கவில்லை. நான் நீல அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிதான் என்றாலும், தோசைதான் தின்னப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் கோமள விலாஸுக்குள் நுழையலாம்.

இதையெல்லாம் திட்டமிடல் தலைவரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அது எங்கள் இலாகா இல்லை. உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை வரும் தொழிலாளியை ஏற்கெனவே கூறு போட்டுப் பங்கிட்டாகிவிட்டது. அவன் பெர்மிட் மனிதவள அமைச்சுக்கு, கையிலிருக்கும் போத்தல் போலீசுக்கு, ஏறி வந்த லாரி நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு, உட்கார்ந்திருக்கும் தரை நகர மன்றத்துக்கு. அவன் நிழல் விழுகிறதே, அந்தச் சுவர் மட்டும்தான் திட்டமிடல் துறைக்கு.

லியூ தாய் கெர், வீவகவிலும் பிறகு நகர மறுசீரமைப்பு ஆணையத்திலும் தலைமை வகித்தவர், பெரிய மனிதர். இருபதுக்கும் மேற்பட்ட புதுநகரங்களில் அவர் கை உண்டு. நான் படுத்துறங்குவதும் அந்தக் கைவேலையில்தான். இந்தத் தீவு ஒரு கோடிப் பேருக்குத் திட்டமிடவேண்டும் என்று அவர் சொன்னபோது பலர் பதறினார்கள். எனக்குப் பதற்றம் வரவில்லை, கணக்குத்தான் வந்தது. ஒரு கோடிப் பேருக்கு இடம் கண்டுபிடிக்கத் தெரிந்த மூளைகளுக்கு, ஞாயிறு சாயங்காலம் நாலு மணி நேரம் உட்கார ஒரு திண்ணை கண்டுபிடிக்க முடியவில்லை.

பஃபலோ ரோட்டு புளோக்குகளின் கீழ்த்தளத்தில் கம்பித் தடுப்பு நிற்கிறது. கடைக்காரர்கள் ஐந்தடியில் சரக்கை அடுக்கிவிடுகிறார்கள். மிச்சமிருப்பது கால்வாய் ஓரம். போன மாதம் ஒரு ஞாயிறு, கெர்பாவ் ரோட்டில் அந்த மிட்டாய் முதலாளி வீட்டின் முன்னால், இரண்டு பையன்கள் தரையில் மஞ்சள் பை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் போனில் அம்மாவுக்குத் தேக்காவைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று கேமராவோடு வந்து, சிரித்துக்கொண்டே, கொஞ்சம் தள்ளிக்கொள்ளும்படி கையசைத்தது. பையன்கள் 'சாரி சாரி' என்று பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து தள்ளி நின்றார்கள். படம் எடுத்தாகிவிட்டது. அவர்கள் திரும்ப உட்காருமுன் சீருடைக்காரர் ஒருவர் வந்து, இங்கே உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவரும் தமிழர்தான், மரியாதையாகத்தான் சொன்னார்.

போனைச் சட்டைப்பையில் போட்டவன் என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இது யாரு வீடு?"

"ஒரு சீன மிட்டாய் முதலாளி கட்டினது."

"இப்ப யாரு குடியிருக்கா?"

"யாரும் குடியில்ல தம்பி."

அவன் அண்ணாந்து, வர்ணம் வர்ணமாய் அடித்த சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "ஆளில்லாத வீட்டுக்கா அண்ணே எங்களை எந்திரிக்கச் சொன்னாக?" என்றான். அதற்குள் லாரி வந்துவிட்டதாகக் கூட்டாளி கூப்பிட்டான்.