இரட்டை சிம்முக்கு வந்த சோதனை
ஒரகடத்தில் ஆலை வைப்பவர் தண்ணீர், மின்சாரம், லாரி நெரிசல் எல்லாவற்றுக்கும் கவலைப்படுவார். வக்கீல் நோட்டீஸை மட்டும் மறந்துவிடுவார். ஒரே போனில் இரண்டு சிம் போடுவது தன் காப்புரிமை என்று மதுரைக்காரர் ஒருவர் சுங்கத்துறையிடம் சொல்ல, 2009இல் இறக்குமதிச் சரக்கு முடங்கியது. தீர்ப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை, பாருங்கள்! ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆலை நடத்தும் சாம்சங், அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் வரை போனது. 2012இல் காப்புரிமை ரத்து. இப்படிப் புகாரின்பேரில் சரக்கை நிறுத்த வழிசெய்த சுங்க விதியிலிருந்தே 2018இல் காப்புரிமையைத் தூக்கிவிட்டார்கள்.

சாம்சங்குக்கு வக்கீல் பஞ்சமில்லை. பட்டறைக்காரருக்கு? காப்புரிமைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு உண்டு: ஆதாரமின்றி மிரட்டினால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். ஆனால், ‘எனக்குக் காப்புரிமை இருக்கிறது’ என்று வெறுமனே தெரிவிப்பது மிரட்டல் ஆகாது. அதுவும் அதே பிரிவில்தான் இருக்கிறது.