தேங்கிய சரக்கின் மருத்துவ குணம்

ஓசூர் வட்டாரத்தில் அண்மைக்காலமாக ஒரு புதுவகை ஜப்பான் இறக்குமதி தென்படுகிறது. ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், ஜன்னலோர இளைஞர் கையில் ஓர் ஒல்லியான ஆங்கிலப் புத்தகம். அட்டையில் ஒரு கடை, கடைக்குள் மஞ்சள் வெளிச்சம், வாசலில் பெரும்பாலும் ஒரு பூனை. உள்ளே கொலை இல்லை, துரத்தல் இல்லை. மனசு ஒடிந்த ஒருவர் புத்தகக் கடைக்கோ நூலகத்துக்கோ வருவார். கொஞ்சம் படிப்பார், நிறையக் காபி குடிப்பார், தேறிவிடுவார். படித்தவரைக் கேட்டால் 'மனசுக்கு இதமா இருக்கு சார்' என்பார். ஏன் இதம் என்று அடுத்த கேள்வி போட்டால் ஸ்டாப் வந்துவிடும். அறிவுலகில் ஏற்பட்ட இந்தப் பள்ளத்தை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதல்நூலாக எடுத்துக்கொண்டது சதோஷி யாகிசாவாவின் மொரிசாகி புத்தகக் கடை நாவல். ஜப்பானில் 2010இல் வந்தது, அதே ஆண்டில் சினிமாவும் ஆனது, ஆங்கிலத்துக்கு 2023இல்தான் வந்து சேர்ந்தது. கதை இவ்வளவே: தக்காகோ என்ற இருபத்தைந்து வயதுப் பெண். உடன் வேலை பார்க்கும் காதலன், தான் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சாவகாசமாகச் சொல்கிறான். அவள் வேலையை விடுகிறாள். டோக்கியோவின் ஜிம்போச்சோ வட்டாரத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருக்கும் தாய்மாமன், மாடி அறையில் வந்து தங்கிக்கொள் என்கிறார். போகிறாள், தூங்குகிறாள், பிறகு படிக்கிறாள்.

இதமாவது பூனையால் என்பர் ஒரு சாரார். அற்றன்று. நம்மூர் மளிகைக் கடைகளில் அரிசி மூட்டை மேல் பூனை படுத்திருப்பது புதிதில்லை. அதனால் பயன் பெற்றதும் பாதிக்கப்பட்டதும் எலிகளே. காபியால் என்பர் இன்னொரு சாரார். காபிதான் காரணம் என்றால் பெங்களூர் நெடுஞ்சாலையில் வரிசையாக இருக்கும் ஓட்டல்களில் உட்கார்ந்திருப்பவர் எல்லாரும் ஞானியாகியிருக்க வேண்டும். தாய்மாமனால் என்பாரும் உளர். கிருஷ்ணகிரிப் பக்கம் இது செல்லவே செல்லாது. கல்யாண வயதுப் பெண் தாய்மாமன் வீட்டு மாடியில் தங்கினால் இரண்டாம் அத்தியாயத்திலேயே பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிடுவார்கள். நாவல் அங்கேயே முடிந்துபோகும்.

ஆகவே இவ்வாய்வின் கருதுகோள்: இதத்துக்குக் காரணம் டெட் ஸ்டாக். விற்காமல் கிடக்கும் சரக்கு.

இது விளங்க ஓசூருக்குள் ஜப்பான் வந்த வழியைப் பார்க்க வேண்டும். இலக்கியத்துக்கு வெகுமுன்பே அது டூ வீலரில் வந்துவிட்டது. 1984இல் இங்கிருந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100 வெளிவந்தது. டிவிஎஸ்-சுசுகி கூட்டு 2001இல் பிரிந்தாலும் பாடம் பிரியவில்லை. அடுத்த ஆண்டே டிவிஎஸ் மோட்டார் ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இன்றைக்குச் சிப்காட்டில் பத்துப் பேர் வேலை செய்யும் லேத் பட்டறையிலும் சுவரில் 'ஐந்து எஸ்' எனப்படும் ஐந்து ஜப்பானியச் சொற்கள் ஒட்டியிருக்கும்: செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே. தேவையில்லாததைக் கழி, இருப்பதை இடம் பார்த்து அடுக்கு, துடை, அதையே வழக்கமாக்கு, வழக்கத்தை விடாதே. தேவையா இல்லையா என்று சந்தேகமான பொருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டுவார்கள். கெடு முடிவதற்குள் யாரும் உரிமை கோராவிட்டால் அது ஸ்கிராப் யார்டுக்குப் போகும்.

இதன் மூத்த அண்ணன் ஜஸ்ட் இன் டைம். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ எழுதிவைத்த ஏழு விரயங்களில் இருப்புச் சரக்கும் ஒன்று. பாகம் வேண்டிய நேரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வர வேண்டும். வராவிட்டால் லைன் நிற்கும், அதிகமாக வந்துவிட்டாலோ ஸ்டோர்ஸ்காரர் நிற்க வைத்துக் கேட்பார். வெண்டரின் டெம்போ டிரைவருக்கு ரத்த அழுத்தம் ஏறுவது இந்தத் தத்துவத்தால்தான்.

இப்போது மொரிசாகி கடைக்கு ஓர் ஆடிட் போடுவோம். நுழைவாயில்: புத்தகம் நடைபாதையை மறிக்கிறது, மஞ்சள் கோடு இல்லை. மாடி: ஆள் தங்கும் அறையிலும் சரக்கு, பழைய தாள் வாடை. பணியாளர்: பகலில் தூங்குகிறார். இருப்புச் சுழற்சி: கேட்காமலிருப்பது நல்லது. மதிப்பெண் போடும் அதிகாரி பேனாவை மூடிவிட்டு வெளியே போய்விடுவார். இந்தக் குறைகள் ஒவ்வொன்றும் படிப்பவர் நெஞ்சில் ஒரு முடிச்சை அவிழ்க்கின்றன. ஒரு புத்தகம் முப்பது வருஷம் தட்டில் கிடக்கலாம், வாங்குபவன் இன்னும் பிறக்காமல்கூட இருக்கலாம், யாரும் சிவப்புச் சீட்டு கட்ட மாட்டார்கள். அப்ரைசல் மாதத்தில் இதைப் படிக்கிறவன் அந்தப் புத்தகமாகவே மாறிவிடுகிறான். பூனையில்லாமலும் இந்த நாவல் நடக்கும். தேங்கிய சரக்கில்லாமல் நடக்காது. நோயும் ஜப்பான் சரக்கு, மருந்தும் ஜப்பான் சரக்கு. இரண்டுக்கும் காசு நாம் கொடுக்கிறோம்.

அஃதேல், தேங்கிய சரக்கெல்லாம் மருந்தாகுமோ எனின், ஆகாது. திசை முக்கியம். ஜிம்போச்சோவில் 1913 தீவிபத்துக்குப் பிறகு புத்தகக் கடைகள் பெருகின. இவாநாமி ஷிகேயோ பழைய புத்தகக் கடை போட்டதும் அந்த ஆண்டில்தான். அடுத்த ஆண்டே சோசெகியின் கொகொரோ நாவலை வெளியிட்டுப் பெரிய பதிப்பாளராகிவிட்டார். அங்கே யாசுகுனி சாலையில் கடைகள் பெரும்பாலும் தென்சிறகில், வடக்கு பார்த்து இருக்கின்றன. வெயில் முகத்தில் அடித்தால் புத்தகம் கெட்டுவிடும் என்பது காரணம். வடக்கு குபேர திசை என்று நம் வாஸ்துக்காரர்கள் இதற்கு உரிமை கோரலாம். கோராமல் இருக்க மாட்டார்கள்.

களப்பணிக்குத் தேர்ந்த இடம் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடை. ஓசூரில் புத்தகக் கடை என்றால் இதுதான்: நோட்டு, ஜெராக்ஸ், லேமினேஷன், ஜாமெட்ரி பாக்ஸ், கைடு. கடை மேற்கு பார்த்தது. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், சாயங்கால வெயில் நேராக விழும் இடத்தில், முப்பது நாளில் கன்னடம் கற்றுத்தரும் புத்தகம். அட்டையில் இருந்த சிவப்பும் மஞ்சளும் வெளிறிப்போய் நீலம் மட்டும் மிச்சம். அட்டைப் பெண்ணின் முகமும் நீலம், பொட்டும் நீலம். உள்ளூர்க்காரருக்கு இது தேவையே இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும் ஊர். அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்கு வேலைக்குப் போகும் தெற்கத்திக்காரர் வாங்கலாம். அவரோ இப்போது போனில் கற்றுக்கொள்கிறார்.

"அண்ணா, இதை ரிட்டர்ன் போடலாமே?"

"எவன் எடுப்பான் சார் இதை. இருந்துட்டுப் போகட்டும், அதென்ன சோறா கேக்குது."

ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தேடும் சான்று கல்லாவிலிருந்து இப்படி வந்து விழும். ஆனால் இந்தக் கடையில் ஒருவரும் தேறிப்போனதாகச் சொல்ல முடியாது. ஜூன் மாதத்தில் உள்ளே நின்று பாருங்கள்: பிரவுன் ஷீட் இருக்கா, லேபிள் இருக்கா, நாலு கோடு நோட்டு இருக்கா என்று தாய்மார்கள் போடும் சத்தத்தில் தக்காகோ ஓடிப்போய்ப் பழைய காதலனையே கட்டிக்கொண்டிருப்பாள்.

உள்ளூர் எழுத்தாவது கைகொடுக்குமா என்றால், அதுவும் இல்லை. ஓசூரில் இருந்து எழுதுகிற பா. வெங்கடேசனின் தாண்டவராயன் கதை தலையணை கனம், ஆனால் தலை வைத்துத் தூங்க விடாது. ஆதவன் தீட்சண்யா படிப்பவரைத் தடவிக்கொடுக்க எழுதுபவர் அல்லர். ஆறுதல் தந்த குற்றம் இந்த ஊர் எழுத்தாளர் யார் மேலும் இல்லை. ஊருக்கு இது பெருமைதான் என்பது என் கட்சி.

இனிச் சித்தாந்தம். ஐந்து எஸ் ஜப்பானில் உருவாவதற்கு முன்பே நம்மாள் ஒருவர் ஐந்து போட்டுவிட்டார். சீர்காழியில் பிறந்து, கடைசிக் காலத்தைப் பெங்களூரில் கழித்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் நூலக இயலுக்கு வகுத்த ஐந்து விதிகள். அதில் மூன்றாவது விதி ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் உண்டு என்பது. மொரிசாகி கடை முழுவதும் இந்த ஒரு விதியின் மேல் நிற்கிறது. நான்காவது விதி வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இது அப்படியே ஷாப் ஃப்ளோர். காத்திருப்பும் வேகமும் அடுத்தடுத்த விதிகளில் எப்படிச் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன என்பது தனி ஆய்வுக்குரியது. நிதி ஒதுக்குவோர் தொடர்புகொள்ளலாம்.

எஞ்சிய சிக்கல் வாடகை. நாவலைக் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும்: மாமாவின் கடை மூன்று தலைமுறையாகக் குடும்பத்தில் இருப்பது. அட்வான்ஸ் கொடுத்து, மாதம் பிறந்தால் வாடகை எண்ணி வைக்கும் கடைக்காரர் தத்துவம் பேசினால் மூன்றாவது மாதம் ஷட்டர் இறங்கும். ஓசூரில் வாடகைக் கவலை இல்லாமல் சரக்கைத் தேக்கிவைக்கும் இடம் ஒன்றுதான்: அரசு நூலகம். ரங்கநாதன் உழைத்துக் கொண்டுவந்த 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி. ஆக, கூடத்தில் ஒரு போல்ட் கூடுதலாகக் கிடந்தால் பதறுகிற ஷெட்டுக்காரரும், மாநகராட்சிக்குச் சொத்து வரி கட்டும்போது, தமிழகத்தின் மாபெரும் தேங்கிய சரக்குக் கிடங்குக்குத் தன் பங்கைச் செலுத்திவிட்டே வருகிறார். இதை அவருக்கு யாரும் சொல்லிவிட வேண்டாம்.

நூலகத்தில் கூட்டம் செய்தித்தாள் மேசையிலும், குரூப் ஃபோர் கைடு விரித்த மேசையிலும்தான். நாவல் அலமாரிப் பக்கம் ஆளில்லை, விசிறி மட்டும் சுற்றுகிறது. சி ஷிஃப்ட் முடித்துக் கண் எரிய வருகிறவருக்குச் சிகிச்சைக்குத் தேவையான எல்லாம் தயார். தக்காகோ மாடியறையில் பெற்ற முதற்கட்ட சிகிச்சை ஒன்றுதான் கிடைக்காது: மேசையில் தலை சாய்த்தால் நூலகர் வந்து தட்டி எழுப்புவார்.