ஹார்லிக்ஸில் துவரம்பருப்பு: ஓர் இலக்கண ஆய்வு

1. ஆய்வுக்களம்
அடைத்து விற்கும் பொருள் ஊர், பேர் தெரியாமல் கடையேறக் கூடாது. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-இன்படி தயாரித்தவர் முகவரி, பொருளின் பொதுப்பெயர், நிகர எடை, மாதம், ஆண்டு, வரிகள் உட்பட அதிகபட்சச் சில்லறை விலை, புகார் சொல்ல ஓர் எண் எல்லாம் உறைமேல் வேண்டும். உணவென்றால் சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து இறங்குவரிசையில் எழுத வேண்டும். சைவத்துக்குச் சதுரத்துள் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம். புகையிலை போன்றவை நீங்கலாக, 10 கிராமுக்கு மேற்படாத பொட்டலங்களுக்கு விலக்குண்டு.

2. சிக்கல்
இத்தனை எழுத்தும் கத்தரிக்கோல் படும்வரைதான். தேதி அச்சிட்ட விளிம்புதான் முதலில் வெட்டுப்படுகிறது. உறை குப்பைக்கு, பருப்பு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு. அதன்பின் 5 கிலோ அரிசிக்கும் விலக்குதான்.

3. இலக்கண அமைதி
இதைப் பிழை என்பார் இலக்கணம் அறியாதார். ‘பாலை இறக்கு’ என்றால் பாத்திரத்தைத்தான் இறக்குகிறோம். உள்ளிருக்கும் பொருளின் பெயர் கலத்துக்கு ஆகிவருவது தானியாகுபெயர். ‘ஹார்லிக்ஸை எடு’ என்பதில் ஹார்லிக்ஸ் முதலில் பாட்டிலுக்கு ஆகி, பிறகு அதிலுள்ள துவரம்பருப்புக்கு ஆகிறது. எனவே இது இருமடியாகுபெயர். ஐஸ்கிரீம் டப்பாவின் தோசைமாவும், நீலநிற பிஸ்கட் டப்பாவின் ஊசிநூலும் இவ்வகையினவே.

4. மறுப்பும் விடையும்
இதில் ஏமாற்று இல்லையா எனின், இல்லை. அடைத்தவரும் எடுப்பவரும் ஒருவரை ஒருவர் அறியாத இடத்துக்கே சட்டம் எழுத்தைக் கேட்கிறது. அடைத்த கையே எடுக்கும் வீட்டில் எழுத்துக்கு வேலையில்லை. பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஊசி குத்தியதென்று நுகர்வோர் ஆணையம் போனவர் எவருமில்லை.

5. சோதனை
அம்மா ஊருக்குப் போன மறுநாள் காலை, காபித்தூள் பாட்டிலில் இருந்ததை ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினேன். இறங்கியது சீயக்காய். நான்காம் பிரிவின் ‘அறியாதவர்’ யாரென்று அப்போது தெளிவானது. உறைமேல் எண் இல்லாததால் மனப்பாடமாக இருந்த எண்ணுக்குப் புகார் செய்தேன்.

“காபி பாட்டில்ல போய் யாராவது காபியைத் தேடுவாங்களா? அது போர்ன்விட்டா டப்பால இருக்கு” என்று தீர்ப்பு வந்தது.